வில்லைக் கீழே வைத்தவர்

மௌனம் என்ற சொல்லை நம் சிறுபத்திரிகைகள் செலவழித்துத் தீர்த்துவிட்டன. கவிதையின் உச்சம் மௌனம் என்கிறோம். எழுதாமலிருக்கும் எழுத்தாளனின் மௌனத்துக்கு ஓர் ஆழத்தைக் கற்பிக்கிறோம். சோம்பல், பயம், சொல்வதற்கு ஒன்றுமில்லாத நிலை எல்லாமே இந்த ஒரு போர்வைக்குள் புகுந்துகொண்டு விடுகின்றன. ஆகவே, தேதி குறிப்பிடக்கூடிய, காரணம் சொல்லக்கூடிய, இழந்தது இன்னது என்று கணக்குக் காட்டக்கூடிய ஒரு மௌனத்தை எடுத்துப் பார்ப்பது நமக்கு உபயோகமாக இருக்கும். பாவ் கஸால்ஸ் என்ற ஸெல்லோக் கலைஞர் 1945-ன் இறுதியில் மேடையில் வாசிப்பதை நிறுத்தினார். அப்போது அவருக்கு 68 வயது. அந்த வாத்தியத்தில் அவருக்கு மேலாக இன்னொருவர் பெயரைச் சொல்ல அவருடைய சக கலைஞர்களே தயங்கிய காலம். கையில் குறையில்லை, அழைப்புக்கும் குறைவில்லை. இருந்தும் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்பதோடு, எப்படி அவரால் நிறுத்த முடிந்தது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

கஸால்ஸ் 1876 டிசம்பர் 29-ல் ஸ்பெயினின் கட்டலோனியப் பிரதேசத்தில் எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். வெளியுலகம் அவரைப் பாப்லோ என்ற ஸ்பானியப் பெயரில் அறிந்தது. அவருடைய தாய்மொழியான கட்டலானில் அது பாவ். அந்த மொழியில் பாவ் என்ற சொல்லுக்குச் சமாதானம் என்றும் அர்த்தம் உண்டு. தகப்பனார் கார்லெஸ் உள்ளூர் மாதா கோவிலில் ஆர்கன் வாசிப்பவர். ஒருநாள் ஊருக்கு வந்த நாடோடி வித்தைக்காரர்களில் ஒருவன் விளக்குமாற்றுக் கழியில் தந்தி கட்டி வாசித்ததைப் பார்த்துவிட்டுப் பையன் வீட்டில் வந்து சொல்ல, தகப்பனார் ஒரு சுரைக்குடுக்கையை நாதப்பெட்டியாக வைத்து ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றைச் செய்து கொடுத்தார். சுரைக்குடுக்கையில் நாதம் பிறப்பது நமக்கு அதிசயமில்லை. அந்தக் குடுக்கையைக் கஸால்ஸ் கடைசிவரை காப்பாற்றி வைத்திருந்தார். அவர் பின்னாளில் ஸான் ஸல்வடோர் கடற்கரையில் கட்டிய வீடு இன்று மியூஸியமாக இருக்கிறது. குடுக்கை அங்கே இருக்கிறது.

நிஜமான ஸெல்லோவை அவர் முதலில் கேட்டது 1888-ல், பதினொரு வயதில். ஸெல்லோ வயலினின் மூத்த உடன்பிறப்பு என்று சொல்லலாம். நான்கு தந்திகள். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில் போட்டு வாசிப்பது. மனிதக் குரலுக்கு, அதிலும் ஆண்குரலுக்கு, இதைவிட நெருங்கி வரும் தந்தி வாத்தியம் மேற்கே குறைவு. பையனைத் தச்சு வேலையில் சேர்த்துவிடலாம் என்று தகப்பனார் நினைக்க, தாயார் பிலார் விடாப்பிடியாக நின்று அவனைப் பார்ஸலோனாவில் நகராட்சி சங்கீதப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அன்றைய பயிற்சி முறையில் வில் பிடிக்கும் கையின் முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு சாதகம் செய்யச் சொல்வார்கள். புத்தகம் விழுந்தால் தப்பு. கஸால்ஸ் புத்தகத்தை விழவிட்டார். வலது கையை முழுக்க விடுவித்தார். இடது கை விரல்கள் தந்தியில் சறுக்கிச் சறுக்கி இடம் மாறிக்கொண்டிருந்ததற்குப் பதிலாக, விரல்களை அகட்டி நீட்டித் தொடும் முறையைக் கொண்டுவந்தார். சுருதி விஷயத்தில் அவர் சொன்னது நம் காதுக்குச் சட்டென்று புரியும். பியானோ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் இடத்தை நிரந்தரமாக நிர்ணயித்து விடுகிறது. தந்தி வாத்தியக்காரனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒரு ஸ்வரம் எந்த ஸ்வரத்தை நோக்கிப் போகிறதோ அதன் பக்கமாக அதைச் சற்று இழுத்து வைக்க வேண்டும் என்றார் அவர். இன்று ஸெல்லோ வாசிக்கும் எவரும், அவர் பெயரை அறியாவிட்டாலும், அவர் விடுவித்த கையைக் கொண்டுதான் வாசிக்கிறார்.

படிக்கும்போதே வயிற்றுப்பாட்டுக்காகக் காஃபே தோஸ்த் என்ற காப்பிக்கடையில் இரவுகளில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே வாசிக்கப் புது உருப்படிகள் தேடி, 1890-ல் ஒருநாள் தகப்பனாரோடு துறைமுகத்தை ஒட்டிய பழைய இசைநூல் கடை ஒன்றில் நுழைந்தார். குப்பைபோல் கிடந்த தாள்களிடையே ஜொஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய ஆறு தனி ஸெல்லோத் தொகுப்புகள் கிடைத்தன. அவருக்கு வயது 13. ஒவ்வொரு தொகுப்பும் ஒரு முகப்பும் அதைத் தொடர்ந்து சில நடன அமைப்புகளும் கொண்டது, பக்கவாத்தியம் கிடையாது. பாக் இவற்றை 1720-ஐ ஒட்டிய வருஷங்களில் எழுதியதாகக் கருதப்படுகிறது. அவர் கைப்பட எழுதிய பிரதி தொலைந்துவிட்டது. மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல் தங்கியிருக்கிறது. கஸால்ஸின் இளமைக் காலத்தில் இவற்றைப் பயிற்சிப் பாடங்களாகவே மதித்தார்கள். எப்போதாவது ஒரு துண்டைத் தனியே எடுத்து மேடையில் வாசிப்பார்கள். ஒரு தொகுப்பை முழுமையான படைப்பாக வாசிக்கும் வழக்கம் இல்லை.

வாங்கி வந்த நாள் முதல் தினமும் அவற்றைச் சாதகம் செய்தார். ஆனால் ஜனங்களுக்கு முன்னால் ஒரு தொகுப்பை முழுவதுமாக வாசிக்கும் தைரியம் வர அவருக்குப் பன்னிரண்டு வருஷங்கள் ஆயின. இதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் வாழ்க்கையின் முதல் மௌனம் இது. பின்னால் வந்த பெரிய மௌனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு சுவாரஸ்யமான இளமைக் கதையாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அடிப்படை என்று தோன்றுகிறது. யாருக்கும் வாசித்துக் காட்டாத சங்கீதம் ஒன்றோடு பன்னிரண்டு வருஷம் தனியே இருந்தவர் அவர். சபையின் கைதட்டல் இல்லாமலே அது பூரணமாக இருந்தது என்ற அனுபவம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

இந்தப் பன்னிரண்டு வருஷங்கள் வெளிப்பார்வைக்கு அலைச்சல் மிகுந்தவை. அல்பெனிஸ் தந்த சிபாரிசுக் கடிதத்தோடு மாட்ரிட் போய் ராணி மரியா கிறிஸ்டினாவின் உதவித்தொகை பெற்றார். 1895-ல் ராணியின் செலவில் ப்ரஸ்ஸெல்ஸ் கன்சர்வேட்டரிக்குப் போனபோது, பேராசிரியர் வகுப்பு முன்னிலையில் இந்தக் குள்ளமான ஸ்பானியப் பையனைக் கேலி செய்தார். பையன் வாசித்துக் காட்டியதும் தொனி மாறி, சேர்ந்துகொள் என்றார். பையன் மறுத்துவிட்டு மறுநாளே பாரிஸுக்கு ரயிலேறினான். உதவித்தொகை நின்றது. ஒரு கேளிக்கை அரங்கில் இரண்டாவது ஸெல்லோவாக வாசித்தும், தாயார் தையல் வேலை செய்தும் காலம் தள்ளினார்கள். குளிர்காலத்தில் ஒருநாள் தாயார் தம் நீண்ட கூந்தலை வெட்டி விற்றுவிட்டு வந்தார் என்று கஸால்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். ‘மாட்டேன்’ என்பதற்கு என்ன விலை என்பதைப் பதினெட்டு வயதிலேயே, அதுவும் இன்னொருவர் செலுத்திய விலையாக, அவர் பார்த்துவிட்டார்.

1899-ல் பாரிஸில் லமூரோவின் வாத்தியக்குழுவோடு லாலோவின் கன்ஸர்ட்டோவை வாசித்தார். அன்றிலிருந்து உலகம் அவருடையதாயிற்று. அதே வருஷம் விக்டோரியா மகாராணி முன் வாசித்தார். 1904-ல் வெள்ளை மாளிகையில் தியோடர் ரூஸவெல்ட் முன். பியானோவில் கோர்த்தோ, வயலினில் தீபோ, ஸெல்லோவில் கஸால்ஸ் என்று அமைந்த மூவர் குழுவின் இசைத்தட்டுகள் இன்றும் கேட்கப்படுகின்றன. நடுவில் ஒரு சம்பவம். 1901-ல் ஸான்ஃபிரான்ஸிஸ்கோவுக்கு அருகே ஒரு மலையில் ஏறும்போது பாறை ஒன்று உருண்டு வந்து அவர் இடது கை விரல்களை நசுக்கியது. அந்தக் கணத்தில் தம் மனதில் வந்த முதல் எண்ணம், கடவுள் புண்ணியத்தில் இனி ஸெல்லோ வாசிக்க வேண்டாம் என்பதுதான் என்கிறார். ஆயுள் முழுதும் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் பயத்தில் நடுங்கியவர் அவர். கை குணமானதும் மறுபடி வாசித்தார் என்பது வேறு விஷயம்.

இவரை நவீனத்துவத்தின் பக்கம் நிற்பவராகக் காட்ட முடியாது. அதை ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்ட்ராவின்ஸ்கியும் ஷேன்பர்க்கின் பன்னிரு ஸ்வர முறையும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஷேன்பர்க் ஒரு பழைய படைப்பை ஆதாரமாகக் கொண்டு இவருக்காகவே எழுதிய ஸெல்லோ கன்ஸர்ட்டோவை இவர் மேடையேற்றவில்லை. ஃபாயர்மான் 1935-ல் அதை முதலில் வாசித்தார். ஆனால் தமக்குப் பிடிக்காததற்கு வாசலை அடைத்தவரும் அல்ல. 1920-ல் சொந்தப் பணத்தைப் போட்டுப் பார்ஸலோனாவில் அவர் உருவாக்கிய வாத்தியக்குழுவை 1932-ல் ஷேன்பர்க்கே வந்து நடத்தினார். அந்தக் குழுவையொட்டித் தொழிலாளர்களுக்கென்று ஒரு கச்சேரிச் சங்கமும் இருந்தது. சொற்பச் சந்தாவில் ஆலைத் தொழிலாளி பீத்தோவனைக் கேட்டான். ரசனையில் பழமைவாதி, நடத்தையில் குடியரசுவாதி. இந்தச் சேர்க்கை நம் விமர்சனக் கட்டங்களுக்குள் சுலபத்தில் அடங்காது.

மறுப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வந்தன. ருஷ்யாவில் புரட்சிக்குப் பிறகு அங்கே வாசிக்க மறுத்தார். 1933-ல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியில் வாசிக்க மறுத்தார். ஃபுர்ட்வாங்ளர் பெர்லின் ஃபில்ஹார்மனிக்கோடு வாசிக்க அழைத்தும் போகவில்லை. முஸோலினியின் இத்தாலிக்கும் போகவில்லை. 1936 ஜூலை 18-ல் பார்ஸலோனாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ராணுவக் கலகம் நகரத்தை எட்டப்போகிறது, உடனே கலைந்து போங்கள் என்று செய்தி வந்தது. பிரிவதற்கு முன் கடைசிப் பகுதியை முடித்துவிடலாமா என்று கேட்டார். முடித்துவிட்டே பிரிந்தார்கள். வெளியே தெருக்களில் தடுப்பு அரண்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கஸால்ஸ் அகப்பட்டால் இரு கைகளையும் வெட்டுவேன் என்று ஃபிராங்கோவின் தளபதி ஒருவன் ரேடியோவில் சொன்னதாக அவர் நினைவுக்குறிப்பில் வருகிறது.

பாக்கின் ஆறு தொகுப்புகளையும் அவர் இசைத்தட்டில் பதிவு செய்தது இந்த வருஷங்களில்தான். 1936 நவம்பரில் லண்டனில் ஆரம்பித்து 1939-ல் பாரிஸில் முடித்தார். ஏறக்குறைய உள்நாட்டு யுத்தத்தின் காலஅளவேதான். தினமும் பாக்கோடு ஆரம்பித்த ஒரு மனிதர், தம் நாடு அழிந்துகொண்டிருக்கும்போது, நாற்பத்தாறு வருஷங்களாகத் தம்மிடம் இருந்ததைப் பதிந்து வைத்தார். பதிவு முடிந்த வருஷத்தில் குடியரசு வீழ்ந்துவிட்டது. கட்டலான் மொழி பள்ளியிலும் பொது வாழ்விலும் தடை செய்யப்பட்டது.

அகதியாக பிரெஞ்சு எல்லைக்குள், கனிகூ மலையடிவாரத்தில் ப்ராட் என்ற சிற்றூரில் தங்கினார். அங்கேயும் பேச்சுமொழி கட்டலான். பக்கத்தில் ரிவ்ஸால்த், அர்ஷெலெஸ் முகாம்களில் ஸ்பானிய அகதிகள் மணலிலும் சேற்றிலும் கிடந்தார்கள். கஸால்ஸ் உணவும் உடையும் சேர்த்து அனுப்பினார்; உலகெங்கும் உள்ள நண்பர்களுக்கு உதவி கேட்டுக் கடிதம் கடிதமாக எழுதினார். ஜெர்மன் அதிகாரிகள் வீடு தேடி வந்து பெர்லினில் வாசிக்க அழைத்தபோது வாதநோயைக் காரணம் காட்டித் தப்பித்தார். அதே காலத்தில் பழைய கூட்டாளி கோர்த்தோ விஷி அரசாங்கத்தில் பதவி ஏற்றார், ஜெர்மனிக்குப் போய் வாசித்தார். சங்கீதம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற வாசகம் இம்மாதிரிச் சமயங்களில் எல்லா ஊர்களிலும் கிடைக்கும்.

யுத்தம் முடிந்தது. ஹிட்லர் போனான், முஸோலினி போனான், ஃபிராங்கோவும் போவான் என்று எல்லோரையும்போல் கஸால்ஸும் நம்பினார். 1945 கோடையில் இங்கிலாந்தில் வாசித்தபோது ஆல்பர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. இலையுதிர்காலத்தில் மறுபடி போனபோது, பிரிட்டன் ஃபிராங்கோவைத் தொடப்போவதில்லை என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்ப்ரிட்ஜ் சர்வகலாசாலைகள் அளிக்க வந்த கௌரவப் பட்டங்களை மறுத்தார். பயணத்தை முறித்துக்கொண்டு ப்ராட்டுக்குத் திரும்பினார். ஃபிராங்கோவை ஏற்றுக்கொள்ளும் எந்த நாட்டிலும் இனி வாசிப்பதில்லை என்று அறிவித்தார்.

இந்த மௌனத்தில் தத்துவ வாடை எதுவும் இல்லை. இதற்குச் சரியான வார்த்தை வேலைநிறுத்தம் என்பதே. தொழிலாளி தன்னிடம் இருக்கும் ஒரே பொருளான உழைப்பைக் கொடுக்க மறுக்கிறான். இவர் வாசிப்பைக் கொடுக்க மறுத்தார். ஆனால் வாசிப்பது நிற்கவில்லை. காலையில் பியானோவில் பாக்கின் முகப்பும் ஃப்யூகும், பிறகு ஸெல்லோ, பிறகு மாணவர்கள், பிறகு கடிதங்கள். கவிஞர் ஜுவான் அலவெத்ராவின் வரிகளுக்கு ‘மாட்டுத்தொழுவம்’ என்று பொருள்படும் பெயரில் யுத்தகாலத்தில் ஆரம்பித்த ஒரு ஆரட்டோரியோவும் கையில் இருந்தது. நிறுத்தப்பட்டது சபை மட்டும். பதின்மூன்று வயதில் சபையில்லாமல் ஆரம்பித்தவருக்குச் சபையில்லாமல் இருப்பது பாழ்வெளியாக இல்லை. ரசிகனை நம்பியே தன் கலை உயிர்வாழ்கிறது என்று நினைப்பவன் ரசிகனிடமோ ரசிகனின் அரசாங்கத்திடமோ முறைத்துக்கொள்ள முடியாது. கஸால்ஸால் முடிந்தது. முதல் மௌனம் இரண்டாவதற்குப் போட்ட முதல் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதனால் என்ன பயன் விளைந்தது? அரசியல் ரீதியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. 1946-ல் ஸ்பெயினோடு எல்லையை மூடிய பிரான்ஸ் 1948-ல் திறந்துவிட்டது. மாட்ரிட்டிலிருந்து தூதர்களைத் திருப்பி அழைக்கச் சொன்ன ஐக்கிய நாடுகள் சபை அந்தத் தீர்மானத்தை 1950-ல் ரத்து செய்தது. 1953-ல் அமெரிக்கா ராணுவத் தளங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 1955-ல் ஸ்பெயின் ஐ.நா. அங்கத்தினராயிற்று. ஒரு கிழவர் மலையடிவாரத்தில் வாசிக்காமலிருப்பதை எந்த மந்திரிசபையும் பொருட்படுத்தவில்லை.

மௌனம் சுத்தமாகவும் இருக்கவில்லை. பாக் மறைந்து 200 ஆண்டு நிறைவுக்காக, நீங்கள் உலகத்திடம் வராவிட்டால் உலகம் உங்களிடம் வரட்டும் என்று வயலின் கலைஞர் அலெக்ஸாண்டர் ஷ்னைடர் வாதாடினார். 1950 ஜூன் 2-ம் தேதி ப்ராட் தேவாலயத்தில் கஸால்ஸ் பாக்கின் முதல் தொகுப்பை வாசித்தார். கைதட்டக் கூடாத இடமாகையால் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பிரான்ஸும் ஃபிராங்கோவை ஏற்ற நாடுதானே என்று கேட்கலாம். 1956-ல் தாயார் பிறந்த இடமான போர்ட்டோ ரிக்கோவில் குடியேறினார். அது அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட தீவு. 1958-ல் ஐ.நா. சபையில் வாசித்தார். 1961 நவம்பர் 13-ல் வெள்ளை மாளிகையில், கென்னடி முன்னிலையில் வாசித்தார். ஸ்பெயினைப் பற்றி ஜனாதிபதியிடம் பேசலாம் என்ற நம்பிக்கை இருந்தது. பேசினார். ஃபிராங்கோ அதற்குப் பிறகும் பதினான்கு வருஷம் ஆட்சியில் இருந்தான். கோர்த்தோவையும் மன்னித்தார், 1958-ல் இரு கிழவர்களும் ப்ராட்டில் சேர்ந்து வாசித்தார்கள்.

இவற்றைச் சரிவு என்று தீர்ப்பளிப்பது எளிது. நமக்கு அந்தப் பழக்கமும் உண்டு. விரதத்தை முறித்தவனை, விரதமே இராதவனைவிடக் கடுமையாக நடத்துகிறோம். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஸ்பெயினில் வாசிக்க அவர் கடைசிவரை திரும்பவில்லை. தாயாரின் சமாதியும், கடற்கரை வீடும், சுரைக்குடுக்கை காலத்து ஊரும் அங்கே இருந்தன. மற்ற இடங்களில் வளைந்துகொடுத்த கோடு அங்கே வளையவில்லை. வாசித்த இடங்களிலெல்லாம் ‘பறவைகளின் பாட்டு’ என்ற கட்டலான் நாட்டுப்பாடலைக் கடைசியில் வாசித்தார். தாயகத்தில் மொழிக்கே தடை இருக்கையில், வெளியே சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் ஸெல்லோவில் கேட்க வைத்தார். 1971-ல், 94 வயதில், ஐ.நா. சபையில் அதை வாசிப்பதற்கு முன் கட்டலோனியாவைப் பற்றிப் பேசினார். தம் பெயரின் அர்த்தத்தைத்தான் அந்தப் பறவைகள் கூவுவதாகச் சொன்னார்.

1973 அக்டோபர் 22-ல் ஸான் ஹுவானில் இறந்தார். ஃபிராங்கோ இறந்தது 1975 நவம்பர் 20-ல். இரண்டு வருஷத்தில் தோற்றுப்போனார் என்று சொல்லலாம். 1979 நவம்பரில் அவர் உடல் எல் வென்ட்ரெலுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குள் கட்டலான் மொழி பொது வாழ்வுக்குத் திரும்பியிருந்தது.

பாக்கை இன்று வேறு மாதிரி வாசிக்கிறார்கள். பழைய வில், நரம்புத் தந்தி, நடனத்தின் நடை என்று ஆராய்ந்து வாசிக்கிறவர்களுக்குக் கஸால்ஸின் வாசிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் உணர்ச்சி மிகுந்ததாகப் படுகிறது. இருக்கலாம். ஆனால் பாக்கின் இந்த ஆறு தொகுப்புகளைத் தொடும் ஒவ்வொருவரும் 1936க்கும் 1939க்கும் இடையில் பதிவான அந்த வாசிப்பைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. வில் தந்தியில் உரசும் கரகரப்பும், விரல் பலகையில் மோதும் சத்தமும் அதில் கேட்கின்றன. அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்த ஒன்றைத்தான் அவர் ஆறு வருஷம் கழித்துக் கீழே வைத்தார்.

நம்மிடையே எழுதாமலிருப்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்களிடம் கேட்கத் தோன்றுவது இதுதான்: நீங்கள் நிறுத்தியது எது? யாரிடமிருந்து? எந்தத் தேதியில்?